லாண்ட்மாஸ்டர் எந்த நாட்டு மிசின்?

எங்கட ஊர்களில் இரண்டு சில்லும் இரண்டு நீண்ட கைபிடியும் உள்ள சின்ன உழவு மிசின் எதுவானாலும் அதற்குப் பெயர் லாண்ட்மாஸ்டர்தான். ஜப்பான் குபோட்டாவும் லாண்ட்மாஸ்டர், சீனத்தில் இருந்து வந்ததும் லாண்ட்மாஸ்டர். சிங்களப் பகுதிகளிலும் இதே பெயர்தான். ஆனால் அந்த மிசின் எங்கே பிறந்தது என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பதில் சொல்லுவினம். ஊஸ்டரில் இருந்துகொண்டு அதைத் தேடிப் போனால், வழி நாம் வாழும் இந்தச் சுவிஸ் நாட்டுக்கே திரும்பி வருகிறது.

லாண்ட்மாஸ்டர் என்பது இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியில் இருந்த ஒரு கம்பனியின் பெயர். 1950களின் நடுப்பகுதியில் அந்தக் கம்பனிக்காக வெப்பவலய வயல்களுக்கு ஏற்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர் இலங்கையர் ஒருவர். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்த றே விஜேவர்தன. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டியவரும் இவரே. பெரிய நாலு சில்லு ட்ரக்டர் சின்ன வரம்புகளுக்குள் திரும்ப மாட்டாது, சேற்றில் புதையும். நாலைந்து பரப்புக் காணிக்காரனுக்கு இது கைக்கு அடக்கமாக இருந்தது.

ஆனால் சுழலும் நகங்களால் மண்ணைக் கிண்டும் எண்ணம் அதற்கும் முந்தியது. பாசலைச் சேர்ந்த பொறியியலாளர் கொன்றாட் ஃபொன் மையன்பூர்க் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கலப்பை மண்ணைப் புரட்டுகிறது. இவருடைய மிசினோ ஸ்பிரிங் போன்ற உருக்கு நகங்களால் மிருகங்கள் கிண்டுவது போலக் கிண்டியது. ஜேர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் அந்த உரிமையை வாங்கிச் செய்தது. ஜெனீவாவில் சிமார் என்ற கம்பனி ஒருவர் பின்னால் நடந்து ஓட்டக்கூடிய சின்ன மிசின்களைச் செய்து உலகமெல்லாம் அனுப்பியது. 1920களில் சில சிமார் மிசின்கள் ஜப்பானுக்குப் போயின. ஒக்கயாமா மாவட்டத்துப் பட்டறைக்காரர்கள் அதைக் கழற்றிப் பார்த்து, நெல் வயலுக்கு ஏற்றபடி தாங்களே செய்யத் தொடங்கினார்கள். ஜப்பானின் கைபிடி உழவு மிசின்களுக்கு அதுவே தொடக்கம். பிறகு அந்த ஜப்பான் மிசின்கள் இலங்கைக்கு வந்தபோது, எம்மவர் அதற்கு ஆங்கிலக் கம்பனியின் பெயரை வைத்துக் கூப்பிட்டார்கள்!

இதில் இன்னொரு விசயம் இருக்கிறது. விஜேவர்தனவே பிற்காலத்தில் தன் மிசினைப் பற்றிச் சந்தேகப்பட்டார். தான் செய்தது விவசாயத்தை முன்னேற்றுவது அல்ல, எருமையை இயந்திரமாக்குவதுதான் என்று வெளிப்படையாகவே பேசினார். எருமை பால் தரும், எரு தரும், கன்று போடும். மிசின் எண்ணெய் மட்டும் குடிக்கும். 2010இல் அவர் இறக்கும் வரை மண்ணைக் கிண்டாமலே பயிர் செய்யும் முறைகளைத்தான் வலியுறுத்தி வந்தார். அவர் சொன்னதன் உண்மை 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நல்லாத் தெரியும். பொருளாதாரத் தடையில் டீசல் இல்லை. மண்ணெண்ணெய்ப் போத்தல் தங்கம் மாதிரி. மாடு வைத்திருந்தவன் உழுதான்.

இயந்திரம் வந்தால் கையை நம்பி வாழ்பவன் என்ன ஆவான் என்ற கேள்வி இந்த ஊருக்கும் புதிதல்ல. 1832 நவம்பர் 22ஆம் திகதி, தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று பயந்த வீட்டு நெசவாளர்கள் ஓபர் ஊஸ்டரில் இருந்த இயந்திர நெசவாலையைக் கொளுத்தினார்கள். பலருக்குக் கடும் சிறைத்தண்டனை கிடைத்தது.

சரி, பழைய மிசின் ஒன்றைக் கண்டால் அது எது என்று எப்படி அறிவது? பெயின்ரை நம்பக்கூடாது, அது பல தடவை மாறியிருக்கும். எஞ்சினின் தலையில் ஸ்பார்க் பிளக் இருந்தால் பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் எஞ்சின்; பழைய பிரித்தானிய மிசினாக இருக்க இடமுண்டு. மெல்லிய உருக்குக் குழாய் வந்து நொசிலில் முடிந்தால் டீசல். சிலிண்டர் படுத்தபடி, மேலே தண்ணீர்த் தொட்டியோடு இருந்தால் ஜப்பான் வழி வந்தது. அதன்பிறகு பெயர்த் தகடு. தகடு போயிருந்தால் எஞ்சின் உடம்பில் அடித்த இலக்கத்தைக் கம்பித் தூரிகையால் துடைத்துப் பார்க்கவேண்டும். கியர்ப் பெட்டியின் இலக்கத்தையும் பாருங்கோ. எஞ்சின் ஒரு மிசினினதும் பெட்டி இன்னொரு மிசினினதுமாக இருப்பது எங்கட கராஜுகளில் சாதாரணம்.

இந்த இலக்கங்கள் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியவை அல்ல. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோதும், வன்னியின் கடைசி மாதங்களிலும், லாண்ட்மாஸ்டரின் பெட்டிதான் பல குடும்பங்களுக்கு வீடாக இருந்தது. 2009 மே மாதத்துக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையில் எரிந்ததும் துருப்பிடித்ததுமாக வாகனங்கள் குவிந்து கிடந்தன. முகாமில் இருந்து திரும்பியவர்களில் என் உறவினர் ஒருவரும் அப்படி ஒரு குவியலில் தேடினவர். பெயின்ர் கருகி, ரயர் இல்லாமல் எல்லாம் ஒரே மாதிரி. பதிவுப் புத்தகம் பையில் இருந்ததால் எஞ்சின் இலக்கத்தை வைத்து, "இது என்ர" என்று காட்ட முடிந்தது.

அவர் அதை ஓடவைத்த விதத்தையும் சொல்லவேண்டும், இங்கே பழைய மிசின் வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் உதவும். இறுகிப் போன எஞ்சினைச் சுத்தியலால் அடிக்கவோ கட்டி இழுத்துச் சுற்றவோ கூடாது. நொசிலைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து உள்ளே ஊற்றி, சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு பிளைவீலை இரண்டு பக்கமும் மெல்ல அசைக்க வேண்டும். அசைவு கிடைத்ததும் பழைய ஒயிலை எடுத்து, டாங்கியையும் பில்டரையும் கழுவி, குழாயில் காற்று எடுத்து, டீகம்பிரசர் நெம்பைத் தூக்கிக்கொண்டு கைபிடி சுற்றலாம். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் ஓடிய தொட்டியில் சுண்ணாம்பு கல்லாகப் படிந்திருக்கும், அதைச் சுரண்ட வேண்டும். சுவிசில் இருக்கும் மிசினுக்கு வேறு ஆபத்து: மாரியில் தண்ணீரை வெளியே விடாமல் வைத்தால் உறைந்து புளொக் வெடித்துவிடும். வெடிப்பு உண்டா என்று முதலில் பாருங்கோ.

வாசகர்களிடம் பழைய லாண்ட்மாஸ்டரின் படமோ, பெயர்த் தகடோ, பதிவுப் புத்தகமோ இருந்தால் சங்கத்தில் காட்டுங்கோ. எந்த ஊரில், எந்த ஆண்டில் வாங்கியது என்பதையும் பின்பக்கத்தில் எழுதித் தாருங்கோ.