சென்னைத் தோட்டங்களுக்கு வசந்தம் எப்போது?

வட சென்னையில் திருவொற்றியூரை ஒட்டி இருக்கிறது காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவாக்கிய ஊர் இது. காலெட் பேட்டை என்ற பெயர் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. பெயர் மாறியது போலவே ஆங்கிலேயர்களின் தோட்டக்கலையும் இந்தக் கடலோர மண்ணில் மாற வேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் மார்ச் மாதம்

குளிர் நாடுகளில் தோட்ட வேலை தொடங்குவதே வசந்தத்தில்தான். மார்ச், ஏப்ரலில் பனி விலகியதும் புல்தரையை வாரிச் சுத்தம் செய்வார்கள், வெற்றிடங்களில் புல் விதை தூவுவார்கள், ஆண்டின் முதல் புல்வெட்டும் அப்போதுதான். முதலில் அரிவாளால் வெட்டினார்கள். 1830-இல் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகு புல்தரை வளர்ப்பது சுலபமானது.

சென்னையின் சித்திரை

தமிழர்களின் ஆறு பருவங்களில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனால் சென்னையில் அது வெயில் கொளுத்தும் காலம். இங்கே ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். மழை முடிந்து நான்கு மாதம் ஆன பிறகு வரும் சித்திரையில் விதை தூவினால், முளைப்பதற்குள் மண் காய்ந்துவிடும்.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனி அதிகாரிகள் கோட்டைக்கு வெளியே பெரிய தோட்ட வீடுகள் கட்டினார்கள். செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகருக்கு வந்தது 1872-இல்தான். அதுவரை தோட்டங்களுக்குக் கிணறும் குளமும்தான் துணை. ஏற்றமும் மாடு கட்டி இழுக்கும் கவலையும் வைத்துத் தண்ணீர் இறைக்க வேண்டும். ஒரு புல்தரை பச்சையாக இருந்ததற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருந்தது.

வெள்ளைக்காரர்கள் தேடிய வசந்தம் கடைசியில் மலைமேல் கிடைத்தது. ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-இல் மெக்ஐவர் என்பவரின் பொறுப்பில் உருவானது. அங்கே இன்றும் மலர்க் கண்காட்சி மே மாதம் நடக்கிறது.

பூமாலை சொல்லும் கணக்கு

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குப் பூமாலை கட்டும் தொண்டு செய்தவர் சங்கிலியார் என்கிறது பெரியபுராணம். அவருக்கும் சுந்தரருக்கும் நடந்த திருமணத்தை நினைவூட்டும் மகிழடி சேவை இன்றும் மாசி மாதத்தில் நடக்கிறது. பூ வேண்டுமென்றால் வேலையை முன்பே முடித்திருக்க வேண்டும். குண்டுமல்லியைக் கார்த்திகை, மார்கழியில் கவாத்து செய்து உரம் வைத்தால்தான் பங்குனி, சித்திரையில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதாவது இங்கே வசந்தம் அறுவடைக் காலம்!

அந்த மாதங்களில் செய்ய வேண்டியவை சில உண்டு. காலையிலோ மாலையிலோ தண்ணீர் விட வேண்டும். வேரைச் சுற்றிச் சருகு, தென்னை மட்டையால் மூடாக்கு போட வேண்டும். புல்லை ஒட்ட வெட்டக் கூடாது. அருகம்புல் மேலே காய்ந்தாலும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும், மழை வந்ததும் துளிர்த்துவிடும். அது செத்துவிட்டது என்று நினைத்து விடாமல் தண்ணீர் இறைத்தால் நஷ்டம்தான். கடலோர மணலில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் நிலத்தடியில் கடல்நீர் ஏறிவிடும். எண்ணூருக்கு அப்பால் மீஞ்சூர் வட்டாரத்தில் நடந்தது இதுதான்.

சென்னையில் அரசு நடத்தும் மலர்க் கண்காட்சிக்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறது. 2022-லும் 2023-லும் அது ஜூன் மாதத்தில் நடந்தது. 2024-இல் பிப்ரவரிக்கும், 2025-இல் ஜனவரிக்கும் மாறியது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்கள் பெரியவர்கள். தேதியைப் பார்த்து விதைக்கச் சொல்லவில்லை, மழையைப் பார்த்து விதைக்கச் சொன்னார்கள். தோட்டம் போடுகிறவர்கள் வேறு நாட்டுப் புத்தகத்தின் மாதக் கணக்கை நம்பும் முன், தங்கள் ஊரில் மழை எப்போது பெய்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.