சைலன்சர் புராணம்

வண்டியின் புகைக்குழாயை பிரெஞ்சில் 'எஷப்மான்' என்பார்கள். தப்பித்துப் போவது என்று பொருள். நம்மூர் மெக்கானிக்குகளுக்கு அது சைலன்சர். பௌதிகத்தை பிரெஞ்சில் படித்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு முதல் பெயர்தான் பிடிக்கும். எரிபொருளின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் தப்பித்துப் போகிறது.

அப்படிப் போவதைப் பிடித்து வேலை வாங்கலாம் என்று 1905இல் காப்புரிமை பெற்றவர் ஆல்பிரட் பியூக்கி என்ற சுவிஸ் பொறியாளர். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். டர்போ என்பது இவ்வளவுதான்.

ஆனால் எனக்கு நெருக்கமானவர் ஒகுஸ்த் ரத்தோ. முதல் உலகப் போரில் விமானங்கள் உயரே போகப் போக, காற்று மெலிந்து எஞ்சின்கள் சோர்ந்தன. ரத்தோ தம் டர்போவை ரெனோ எஞ்சின்களில் பொருத்திக் காட்டினார். டர்போ இல்லாத பழைய டீசல் வண்டிகள் ஊட்டி மலையில் கரும்புகை கக்கிக்கொண்டு ஏறியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான்.

1918இல் அமெரிக்கர் சான்ஃபோர்ட் மாஸ் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே கொண்டுபோய்விட்டார். தரையில் 350 குதிரைசக்தி தந்த எஞ்சின் அங்கே 230தான் தந்தது. டர்போவை மாட்டியதும் 356! இப்படி மலையேறிக் கணக்குப் பார்க்கிறவர்களை நான் எப்போதும் மதிப்பேன்.

கார்களுக்கு இது வந்து சேர வெகுகாலம் ஆனது. பெஜோ 604 டர்போ டீசல் 1979இல்தான் வந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான் முதல் பாரிஸ்-டக்கார் பந்தயம் டக்காரைச் சென்றடைந்தது. 1987இல் பெஜோ 205 டர்போ 16 அதை வென்றது. அடுத்த ஆண்டு முன்னணியில் இருந்த வட்டானெனின் 405ஐ பமாக்கோவில் யாரோ திருடிப் பணயத்தொகை கேட்டார்கள். வண்டி கிடைத்தது, ஆனால் புறப்படும் நேரம் கடந்துவிட்டதால் அவரைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பாலைவன மணலை வென்ற வண்டியைத் திருடன் வென்றான்!

நம் மகிந்திரா ஜீப்பிலும் பெஜோ உரிமத்தில் செய்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின் இருந்தது. நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் துளை; பெயரிலேயே அளவு. அதில் டர்போ கிடையாது.

இந்தப் புராணமெல்லாம் எதற்கு என்றால், என் பேரன் பி.எஸ். 6 டீசல் தார் வைத்திருக்கிறான். சைலன்சரை எடுத்துவிட்டு மூன்று அங்குலக் குழாய் போட்டால் வண்டி பறக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பௌதிகப்படி அதில் பொய்யில்லை. டர்போவின் சக்கரம் சுழல்வது முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தால். பின்பக்கம் அடைப்புக் குறைந்தால் சக்கரம் சீக்கிரம் வேகம் பிடிக்கும். சத்தத்தில் ஒரு பகுதியை அந்தச் சக்கரமே விழுங்கிவிடுவதால் பெரிய சைலன்சரும் தேவைப்படாது. அந்தக் காலப் பந்தய வண்டிகளுக்கு இந்தக் கணக்கு சரி.

ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டியில் அந்தக் குழாய்க்குள் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அதை அப்படியே வைத்துவிட்டு வால்குழாயை மட்டும் மாற்றினால் சத்தம் கூடும், சக்தி பெரிதாகக் கூடாது. பறக்க வைக்கிறேன் என்பவர் பெரும்பாலும் வடிகட்டியையே பிடுங்கி எறிகிறார். பிறகு அந்தக் கரி எங்கே போகும்? தெருவில் நடக்கிறவர் நுரையீரலுக்கு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதியாக அறிவித்துவிட்டது.

குமாஸ்தா புத்தி போகுமா? மோட்டார் வாகனச் சட்டத்தையும் எடுத்து வைத்தேன். 52ஆம் பிரிவு, பிறகு 2019இல் திருத்திய 182ஏ. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

"எல்லாரும் செய்யறாங்க தாத்தா" என்றான். காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர்களில் இருவர் ஆஸ்துமாக்காரர்கள், அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய் என்றேன். இரண்டு நாள் பேச்சில்லை. இப்போது பெரிய டயர் போடலாமா என்று கேட்கிறான். அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.