கிளாவியோலின்

பிரான்சின் கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947-இல் உருவாக்கிய, வால்வுகளால் இயங்கும் மின்னணு இசைக்கருவி. சிந்தசைசருக்கு முன்னோடி. பெரும்பாலும் மூன்று ஸ்தாயி அளவே கட்டைகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். அதனால் பியானோவின் கட்டைகளுக்குக் கீழே பொருத்தி, இடக்கையால் பியானோவையும் வலக்கையால் இதையும் வாசித்தனர். வரிசையாக உள்ள சுவிட்சுகள் தொனியையும் அதிர்வையும் மாற்றும்.

ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரும் தனிப்பெட்டியில் வந்தன. அந்தப் பெட்டியைத் துணைக்கருவி என்று ஒதுக்குவது தவறு. ஆசிலேட்டர் எழுப்பும் கரகரப்பான ஒலியை ஆம்பிளிஃபயர் வேண்டுமென்றே மேலும் சிதைத்தது. இக்கருவிக்கே உரிய குரல் பிறந்தது அங்கேதான்.

இதே வகையில் பிரிட்டனில் டாம் ஜென்னிங்ஸ் 'யூனிவாக்ஸ்' கருவியைத் தயாரித்தார். பின்னாளில் வாக்ஸ் ஆம்பிளிஃபயர்களால் புகழ்பெற்றது அவருடைய நிறுவனமே.

இந்தியத் திரையிசையில் இதன் உச்சம், வைஜயந்திமாலா நடித்த 'நாகின்' (1954). ஹேமந்த் குமார் இசையமைத்த அப்படத்தில் பாம்பாட்டியின் மகுடியாக ஒலிப்பது மகுடியே அல்ல. கல்யாண்ஜி கிளாவியோலினில் வாசித்தது அது. நாணற்சீவாளியின் இரைச்சலும் நடுக்கமும் அத்தனை அச்சாக அமைந்ததால், நிஜ மகுடியைக் கேட்டறியாதவர்களுக்கும் மகுடி என்றால் அந்த மெட்டே நினைவுக்கு வருகிறது. கல்யாண்ஜி பின்னர் தம்பி ஆனந்த்ஜியுடன் இணைந்து இசையமைப்பாளரானார்.

மேற்கில் டொர்னேடோஸ் குழுவின் 'டெல்ஸ்டார்' (1962), பீட்டில்ஸின் 1967 பாடலொன்று ஆகியவற்றிலும் இவ்வொலியைக் கேட்கலாம்.