இறால் கோதும் ஒரு வர்த்தமானியும்

2021 மே மாதம் ஒரு வர்த்தமானியோட இரசாயன உரமும் கிருமிநாசினியும் இறக்குமதியாவது நின்றது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 'இயற்கைக்கு மாறுங்கோ' என்றார்கள். 'மாறுறம், ஆனா எதுக்கு?' என்று தோட்டக்காரர் கேட்டார்கள். நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், இரசாயனம் படிக்கேல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குள்ள ஒரு வரலாறு இருக்கு. குசினியில் நாங்கள் எறியிற இறால் கோதில் இருந்தே அதைச் சொல்லலாம்.

இறால் கோது, நண்டின் ஓடு, பூச்சியின் மேலுறை, பங்கசின் கலச்சுவர் எல்லாத்திலும் கைற்றின் என்ற இயற்கைப் பல்பகுதியம் இருக்கிறது. 1811 இல் பிரான்சின் நான்சி நகரத் தாவரவியல் பூங்காப் பணிப்பாளர் ஹென்றி பிராகொனோ அதைக் காளானிலிருந்து பிரித்தெடுத்தார். 1823 இல் ஒடியே என்பவர் வண்டின் கடினமான மேலிறகில் அதைக் கண்டு, 'சட்டை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். 1859 இல் ரூஜே அதைக் கடும் காரத்தில் கொதிக்கவைத்தபோது, அமிலத்தில் கரையும் பொருளொன்று கிடைத்தது. இன்று அதன் பெயர் கைற்றோசன்.

அது பயிரைக் காக்கும் என்று தெளிவாகத் தெரிய 1980 அளவாகியது. அமெரிக்காவின் வாஷிங்டன் அரச பல்கலைக்கழகத்தில் லீ ஹட்விகரின் குழு பட்டாணிக் காய்களில் அதைப் பரிசோதித்தது. கைற்றோசன் பங்கசின் வளர்ச்சியைத் தடுத்தது. காயும் தன்பாட்டில் பிசற்றின் என்ற எதிர்ப்புப் பொருளை உண்டாக்கத் தொடங்கியது.

காரணம் இதுதான். தாவரத்தின் உடலில் கைற்றின் கிடையாது. அதனால் அதன் துணுக்கு பட்டவுடனே, பங்கசு வந்திட்டுது என்று தாவரம் தயாராகிறது. நெல்லில் அந்தத் துணுக்கைப் பிடிக்கிற புரதத்தை யப்பான் ஆய்வாளர்கள் 2006 இல் வெளியிட்டார்கள். இது கள்ளன் வரமுதல் குரைக்கிற நாய் மாதிரி. நோய் முத்தின பிறகு தெளிச்சால் பெரிய பலன் இல்லை. எந்தப் பயிருக்கு, எவ்வளவு, எப்போது என்று பார்த்துப் பார்த்துத்தான் பாவிக்கவேணும். பயிர்ப் பாதுகாப்புக்குக் கைற்றோசன் ஐதரோகுளோரைட்டை ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்ததே 2014 இல்தான். பிராகொனோவிலிருந்து எண்ணினால் இருநூறு வருசத்துக்கு மேல்.

எங்கட நாட்டில் ஒரு போகம் கூட அவகாசம் கொடுக்கவில்லை. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அதுக்குள்ள தோட்டக்காரர் பட்ட நட்டம் பட்டதுதான். இப்ப ஊரில் 'இயற்கை விவசாயம்' என்றாலே ஆக்கள் சிரிக்கினம். எங்களுக்கு அதில்தான் கோபம். பிழை அவசரத்தில் நடந்தது, பழியை இயற்கை சுமக்குது.

இறால் கோதைத் தோட்டத்தில் தாட்டுவிட்டால் அது கைற்றோசன் ஆகாது. ஆய்வுகூடமும் பரிசோதனைத் தோட்டமும் பொறுமையும் வேணும். அடுத்தமுறை யாராவது 'இயற்கைக்கு மாறுங்கோ' என்றால், எத்தனை வருசம் பரிசோதிச்சீங்கள் என்று முதலில் கேட்போம்.