காபெட்டின் கணக்கும் கூலிக்காரனின் குவளையும்

வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்வது கட்டுபடியாகுமா என்னும் வினாவை இன்றைய பொழுதுபோக்காளர்களின் வினா என்றே நம்மில் பலரும் எண்ணுவோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அது ஏழைக் குடும்பத்தின் அடுப்படி வினாவாக இருந்தது; ஏன், அரசியல் வினாவாகவே இருந்தது. அதற்குக் காசுக்கணக்கோடு விடை எழுதியவர் வில்லியம் காபெட். 1821-22இல் பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய 'காட்டேஜ் எகானமி' என்னும் நூல் ரொட்டியையும் பசுவையும் பன்றியையும் பற்றிப் பேசுவதற்கு முன்னரே பீரைப் பற்றித்தான் பேசத் தொடங்குகிறது. அந்தக் கணக்கைச் சற்றே பிரித்துப் பார்க்க விழைகிறோம்.

காபெட் 1763இல் சர்ரே மாவட்டத்து ஃபார்னமில் பிறந்தவர். ஹாப்ஸ் விளைச்சலுக்குப் பெயர்போன ஊர் அது. தந்தையார் உழவர், விடுதியும் நடத்தியவர். மதுவிடுதியைக் காலமெல்லாம் வைத மகனுக்கு இப்படியொரு தந்தை! 'பொலிட்டிகல் ரெஜிஸ்டர்' இதழின் ஆசிரியராக அரசைச் சாடிச் சிறைக்கும் போனவர் அவர். ஆகவே அவர் பீர் காய்ச்சச் சொல்லும்போது அது சமையற்குறிப்பாக மட்டும் இருக்க இயலாது.

செய்முறை எளிது. பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸோடு கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிட்டால் பீர். (தானியத்தை வீட்டிலேயே சமைத்து மதுவாக்கும் வழக்கத்தைப் பெரும்பாணாற்றுப்படையும் அறியும், 'தோப்பி' என்பது அங்கே வீட்டில் சமைத்த நெற்கள்ளின் பெயர்.) காபெட்டின் காலத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்வரை சசெக்ஸ் ஊரொன்றில் பீர் காய்ச்சாத கூலிக்குடும்பமே இல்லையென்றும், இப்போது காய்ச்சுகிற குடும்பமே இல்லையென்றும் அவர் வருந்துகிறார். அந்த இடத்தைத் தேநீர் பிடித்துக்கொண்டதே அவருடைய சினம்.

இனிக் கணக்கு. குளிர்காலத்தில் நாளொன்றுக்கு 2 குவார்ட், ஏப்ரல், மே மாதங்களில் 3, ஜூன், செப்டம்பரில் 4, அறுவடை மும்முரமான ஜூலை, ஆகஸ்டில் 5 என்று ஒரு குடும்பத்துக்கு அளந்து, ஆண்டுக்கு 274 காலன் பீர் என்று கூட்டுகிறார். அதற்கு வேண்டிய மால்ட் 15 புஷல், புஷல் 9 ஷில்லிங். ஹாப்ஸ் 10 பவுண்டு எடை, எடைக்கு ஒரு ஷில்லிங். ஆக 7 பவுண்டு 5 ஷில்லிங். (அன்று 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.) தேநீர்க்கோ 11 பவுண்டு 7 ஷில்லிங் 2 பென்ஸ் ஆகிறதாம்! பீரே மலிவு, ஐயமில்லை என்கிறார்.

அந்தத் தேநீர்ப் பட்டியலைத்தான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். தேயிலை, சர்க்கரை, பால் மூன்றுக்கும் 7 பவுண்டு 11 ஷில்லிங் 6 பென்ஸ். அதன்மேல் பாத்திரம் பண்டத்துக்கு 5 ஷில்லிங். 200 முறை அடுப்பு மூட்ட 16 ஷில்லிங் 8 பென்ஸ். தேநீர் போடுவதில் கழியும் நேரம் 30 நாள் வேலைக்குச் சமம் என்று 15 ஷில்லிங். இவற்றுக்கும் மேலாக, வீட்டில் பீர் இல்லாததால் கணவன் மதுவிடுதிக்குப் போவதால் வரும் நட்டம் 1 பவுண்டு 19 ஷில்லிங்! குடிகாரனின் விடுதிக் கணக்கையும் தேநீர்க் குவளையின் தலையில் ஏற்றிவிட்டார் பெருமான்.

பீரின் பட்டியலில் மால்ட்டும் ஹாப்ஸும் மட்டுமே. அண்டாவும் பீப்பாயும் விறகும் அதில் இல்லை. மாவூறிய தொட்டியைக் கிளறி, வடித்து, கழுவி, பீப்பாயில் அடைக்கும் மனைவியின் நாள்களும் இல்லை. இருபக்கமும் வாங்கும் பொருளை மட்டும் ஒப்பிட்டால் வேறுபாடு வெறும் 6 ஷில்லிங் 6 பென்ஸ்தான். தேநீர் போடுபவளின் நேரத்துக்கு விலை வைத்தவர், பீர் காய்ச்சுபவளின் நேரத்துக்கு வைக்கவில்லை.

இன்னொரு சோதனையையும் சொல்கிறார். மெலிந்த பன்றிக்கு 15 புஷல் மால்ட்டைப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ இருநூறு பவுண்டு எடை இறைச்சியாகத் திருப்பித் தரும். ஆண்டின் 730 வேளைத் தேநீரைப் போட்டுப் பாருங்கள், பட்டினியால் சாகும் என்று. நகைச்சுவை நன்று. ஆனால் அந்தப் பன்றிக்குக் கிடைப்பது முழு மால்ட். மனிதனுக்குக் கிடைப்பது சாறு மட்டும். சக்கை தனியே போய்விடுகிறது.

காபெட்டுக்குக் கால் நூற்றாண்டு முன்னரே இதற்கு விடை வந்துவிட்டது என்பது நமக்கு வியப்பளித்தது. பெர்க்‌ஷயரின் பார்க்கம் என்னும் சிற்றூரில் பாதிரியாராக இருந்த டேவிட் டேவிஸ், தம் ஊர்க் கூலிக்குடும்பங்களின் வரவுசெலவைக் கேட்டெழுதி, 1795இல் நூலாக வெளியிட்டார். மால்ட்டின் மீதான வரியால் மென்பீரும் எட்டவில்லை, பாலும் கிடைக்கவில்லை. எஞ்சியது மலிவான தேயிலைச் சொட்டால் நிறமேற்றிய நீர் ஒன்றே. ஏழை தேநீர் குடிப்பதால் வறியவனாகவில்லை, வறியவனாகியதால் தேநீர் குடிக்கிறான் என்பது அவர் வாதம். நாம் டேவிஸின் பக்கமே சாய்கிறோம். தென்னிங்கிலாந்தில் 1820களின் உழவுக்கூலி வாரம் பத்து ஷில்லிங்கை ஒட்டியே இருந்தது. காபெட்டின் மலிவான பீரே பதினான்கு வாரத்துக்கு மேற்பட்ட கூலியை விழுங்கும். தேயிலையை அவுன்சுக் கணக்கில் வாங்கலாம்; மால்ட்டையோ ஒரு காய்ச்சலுக்குப் புஷல் கணக்கில் முன்பணம் கொடுத்து வாங்க வேண்டும். பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்ட ஊர்களில் பொறுக்கிய சுள்ளியும் போயிற்று.

மால்ட் வரியைக் காபெட்டும் கடிந்தே எழுதினார் என்பதை மறைக்கக் கூடாது. வரியின் விந்தை ஒன்றுண்டு. விற்கும் பீருக்கு மட்டும் தனிவரி. சொந்தக் குடிப்புக்குக் காய்ச்சும் பீருக்கு அது இல்லை. அண்டாவும் நிலவறையும் உடைய சீமான் அந்த வரியிலிருந்து தப்பினான். விடுதியில் குவளை குவளையாக வாங்கிய கூலிக்காரன் மால்ட் வரியோடு அதையும் சேர்த்துக் கொடுத்தான். 1830இல் பீர்வரி நீங்கியது. எளிய கட்டணத்தில் பீர்க்கடைகள் பெருக, வீட்டில் காய்ச்சுவதால் கிடைத்த சிறு ஆதாயமும் கரைந்தது. 1880இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துப் பீரின் மீதே வரி விதித்தபோது வீட்டில் காய்ச்சுவோருக்கும் உரிமம் வந்தது. அது 1963இல், ரெஜினால்ட் மாட்லிங் நிதியமைச்சராக இருந்தபோதுதான் நீங்கிற்று.

அதன்பின் அண்டாவை அடுப்பேற்றியவர்களும் பாட்டில் ஒன்றுக்கு இத்தனை பென்ஸ் என்று பெருமையாகக் கணக்குச் சொல்வார்கள். அக்கணக்கில் மால்ட் இருக்கும், ஹாப்ஸ் இருக்கும், ஈஸ்ட்டும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இருக்காது.