மற்போரும் தாள் பற்றலும்

மலையகத் தோட்டங்களில் வழிவழியாக ஆடப்பெறும் கூத்துக்களுள் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்பன தலையாயவை. இவற்றுள் இறுதியது, பாசுபதம் வேண்டித் தவமியற்றிய அருச்சுனனும் வேடனாக வந்த சிவபெருமானும் ஒரு பன்றியின் பொருட்டுப் பொருத கதையாகும். அட்டன் பகுதியில் யாம் கற்பிக்கும் வகுப்பிலே இக்கதையைக் கூறியபோது, “வேடனின் காலைப் பிடித்தவன் தோற்றவன்தானே, ஐயா?” என ஒரு மாணவன் வினவினான். அவ்வினாவுக்கு விடையிறுத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழர் மற்போரை நெடுங்காலமாக அறிவர். ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வென்றதனைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80ஆம் பாட்டிற் பாடியுள்ளார். ஒரு கால் பகைவன் மார்பில் ஊன்ற, மற்றைக் கால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து முதுகை வளைத்தது என்னும் வருணனை, நேரிற் கண்டார் கூற்றாகவே அமைந்துள்ளது. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நரசிங்கவர்மப் பல்லவன் பூண்ட ‘மாமல்லன்’ என்னும் பெயருக்குப் பெருமல்லன் என்பதே பொருள். மாமல்லபுரம் அவன் பெயரையே தாங்கிநிற்கின்றது.

இனி, அருச்சுனன் பொருத போரை நோக்குவோம். வியாச பாரதத்தின் வனபருவத்திலே, வேடனது இறுகிய பிடியால் அவன் உணர்விழந்து வீழ்கின்றான். தெளிந்தெழுந்து, மண்ணால் இறையுரு அமைத்து மாலை சூட்ட, அம்மாலை வேடன் தலையில் விளங்கக் கண்டு உண்மை உணர்கின்றான். இம்முடிபைப் பாரவி மாற்றியமைத்தார். கி.பி. 634ஆம் ஆண்டு ஐகொளெக் கல்வெட்டிலே காளிதாசருடன் ஒருங்கு வைத்துப் புகழப்பெற்ற அப்புலவர், கிராதார்ச்சுனீயத்தின் 18ஆம் சருக்கத்தில், வானில் எழும்பிய வேடனின் இரு தாள்களையும் அருச்சுனன் பற்றி நிலத்தில் வீழ்த்த முயன்றதாகப் பாடினார். வீழ்த்துதற்குப் பற்றிய தாளே, அடியார் பற்றும் தாளுமாயிற்று. இறைவன் வியந்து அவனை மார்புறத் தழுவிக்கொண்டான்.

இப்பிடி புலவர் கற்பனை மட்டுமன்று. கிரேக்க-உரோம முறையில் இடுப்பின் கீழ்ப் பற்றுதல் விலக்கப்பட்டுள்ளது. பிரீஸ்டைல் முறையிலோ இரு கால்களையும் பற்றி வீழ்த்தல் அடிப்படை உத்திகளுள் ஒன்றாகும். 1952இல் எல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியரான கே. டி. யாதவ் வெண்கலப் பதக்கம் பெற்றதும் இம்முறைப் போட்டியிலேயாம்.

முதற்கண், எதிரியின் கழுத்தையும் கைகளையும் இழுத்தும் தள்ளியும் அவனை நிமிரச் செய்தல் வேண்டும். நிமிர்ந்தவனுடைய கால்கள் காவலிழக்கும். அக்கணமே, முதுகை வளைக்காது முழங்கால்களை மடித்து உடலைத் தாழ்த்தி, அவன் பாதங்களுக்கிடையே ஓர் அடி ஆழ வைத்துப் புகுதல் வேண்டும். தலை நிமிர்ந்து அவன் விலாவை ஒட்டியிருக்க, இரு கைகளும் அவன் முழங்கால்களின் பின்புறத்தை இறுக அணைத்தல் வேண்டும். பின்னர்க் கால்களைத் தன்பால் இழுத்து, தலையாற் பக்கவாட்டில் நெருக்கி, நில்லாது முன்னேறின் அவன் சாய்வான். இடையில் தயங்கினாலோ, தலை கவிழ்ந்தாலோ, எதிரி தன் கால்களைப் பின்னே வீசி, மார்பின் பாரம் முழுவதையும் முதுகின்மேற் சுமத்தி அமுக்கிவிடுவான்.

உடல் தாழ்தல் வேண்டும், தலை தாழ்தலாகாது. இதுவே இவ்வுத்தியின் உயிர்நிலை.

கோப்பிக்கும், 1867இன் பின் தேயிலைக்குமாக இம்மலைகளில் உழைத்தோரின் வளைந்த முதுகைக் கண்டு, அதனை அடிமையின் அடையாளமென எண்ணினார் பலர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. அவ்விடைக்காலம் முழுவதும் அம்மக்கள் கைவிடாது காத்த கூத்துக்களுள் இதுவும் ஒன்று.

ஆதலின், அம்மாணவனுக்கு யாம் கூறிய விடை இது: காலைப் பற்றுதற்குக் குனிந்தவன் தோற்றவனல்லன். அவன் குனிந்தபோது தலை எங்கிருந்தது என்பதை நோக்குக.