மணற்கடலில் கல்வி நகரங்கள்

அரபு நூல்களோடு பழக்கமுடையோர்க்கு ‘அஷ்ஷின்கீத்தீ’ என்னும் பெயர் புதியதன்று. ‘அள்வாஉல் பயான்’ என்னும் திருமறை விரிவுரையைத் தந்த அல்லாமா முஹம்மதுல் அமீன் (ரஹ்) அவர்களின் பெயரோடு அது இணைந்து நிற்கிறது. பாலைநிலத்துக் குடிகளிடையே பிறந்து வளர்ந்த அப்பெரியார், ஹிஜ்ரீ 1367 இல் ஹஜ்ஜுக்கெனத் தரைவழியே புறப்பட்டு வந்தார். புனித மதீனாவிலேயே தங்கிப் பல்லாண்டுகள் பாடம் நடத்தினார். 1974 இல் மக்காவில் இறையடி சேர்ந்தார். அவருடைய அறிவாழத்தைக் கண்டு வியந்தவர்கள், “இத்தகைய ஆலிம் எந்தக் கலாசாலையில் ஓதினார்?” என்று வினவியிருப்பின், “மரத்தடியிலும் கூடாரத்திலும்” என்பதே விடையாக இருந்திருக்கும். அந்த மரத்தடிகளையும் கூடாரங்களையும் பெற்றெடுத்த நாட்டினூடே ஒரு வரலாற்றுப் பயணம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆப்பிரிக்காவின் வடமேற்கில், அட்லாண்டிக் கடலோரத்தில் அமைந்தது மௌரித்தானியா. பரப்பு பத்து இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி ஸஹாராப் பாலை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1960 நவம்பர் 28 இல் விடுதலை பெற்றது. தலைநகர் நவாக்ஷூத், விடுதலைக்குச் சற்று முன், 1958 இல்தான் நகராக எழுப்பப்பட்டது. எனவே, இந்நாட்டின் வரலாற்றைக் காண விழைவோர் தலைநகரை விட்டு உள்நாட்டுக்குச் செல்லவேண்டும். வடகிழக்கே 400 கிலோமீட்டருக்கு மேல் சென்றால், கருங்கற் குன்றுகளும் பேரீச்சந் தோப்புகளும் நிறைந்த அத்ரார் மேட்டுநிலம் வரும்.

அத்ராரின் தலைமையூராகிய அத்தாருக்கு அருகில் அஸூகீ என்னும் பழம்பதி உள்ளது. இன்று அங்கே காண்பன சில இடிபாடுகளே. ஆயினும், மொரோக்கோவையும் ஸ்பெயினையும் ஒருங்கே ஆண்ட முராபித்துகளின் தொடக்ககாலக் கோட்டை அது. அவ்வியக்கம் பிறந்த கதை, ஆசிரியத் தொழிலில் இருப்போர் நெஞ்சில் நிறுத்தத்தக்கது. பதினோராம் நூற்றாண்டில் யஹ்யா இப்னு இப்ராஹீம் என்னும் பாலைநிலத் தலைவர் ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில் கைரவானில் தங்கினார். அங்கே இமாம் அபூ இம்ரான் அல்பாஸீ (ரஹ்) அவர்களின் பாடத்தைக் கேட்டவர், தம் மக்கள் மார்க்கத்தின் அடிப்படைகளையும் அறியாதிருப்பதை எண்ணி வருந்தினார். அவர் அந்தச் சபையில் வேண்டியது படையோ பொருளோ அன்று. ஓர் ஆசிரியர் வேண்டும் என்றார். அவ்வேண்டுதலின் பயனாகப் பாலைக்கு வந்தவரே அப்துல்லாஹ் இப்னு யாஸீன் (ரஹ்). அவர் 1059 இல் போரில் உயிர்நீத்தார். அவர்தம் இயக்கம் மர்ராக்கிஷ் நகரை எழுப்பி, 1086 இல் ஸல்லாக்கா களத்தில் யூஸுஃப் இப்னு தாஷுஃபீன் தலைமையில் வெற்றி கண்டது.

அத்தாரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் ஷின்கீத். பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் ஓங்கி வளர்ந்த ஊர். இஜில் உப்பளங்களிலிருந்து வெட்டிய உப்புப் பாளங்களை ஏற்றிய ஒட்டகங்கள் இவ்வழியே தெற்கு நோக்கிச் செல்லும். ஹஜ் பயணக் கூட்டங்களும் இங்கே திரண்டு கிழக்கு நோக்கிப் புறப்படும். ஆதலின், அந்தப் பாலை முழுவதிலுமிருந்து வந்தோரைக் கிழக்கத்திய அரபு மக்கள் ‘ஷின்கீத்திகள்’ என்றே அழைத்தனர்; ஓர் ஊரின் பெயர் ஒரு நாட்டுக்கே பெயராயிற்று. அந்நாட்டுப் புலவர்களின் வரலாற்றை ‘அல்வஸீத்’ என்னும் நூலாகத் தொகுத்து, அஹ்மத் இப்னுல் அமீன் அஷ்ஷின்கீத்தீ (ரஹ்) 1911 இல் கெய்ரோவில் வெளியிட்டார். அந்நூலைக் கண்ட பின்னரே, பாலையின் கோடியில் இத்துணை இலக்கியச் செல்வம் உண்டென்று அரபுலகத்தார் பலர் அறிந்தனர்.

ஷின்கீத்தின் பள்ளிவாசல் சாந்து பூசாத கற்களை அடுக்கி எழுப்பப்பட்டது. சதுர வடிவ மினாராவின் உச்சியில் தீக்கோழி முட்டைகள் அணியாக வைக்கப்பட்டுள்ளன. தொழுகைத் தளத்தில் விரிப்புக்கு மாறாக மணலே பரப்பப்பட்டிருக்கும். ஓங்கிய தூண்களும் பளிங்குத் தரையும் இல்லாத அந்த இறையில்லம், எளிமையினாலேயே காண்போரை வணங்கச் செய்கிறது.

ஷின்கீத்துக்கு வடகிழக்கே, குன்றின் சரிவில் படிப்படியாக இறங்கும் கல்வீடுகளோடு நிற்பது வதான். ‘வாதியான்’, அதாவது இரு பள்ளத்தாக்குகள் என்பதே அப்பெயர் என்றும், ஒன்றில் பேரீச்சை விளைந்தது, மற்றொன்றில் கல்வி விளைந்தது என்றும் அவ்வூரார் நயம்படக் கூறுவர். ‘நாற்பது ஆலிம்கள் தெரு’ என ஒரு தெருவுக்கே பெயருண்டு. அந்த நாற்பது பேரின் வீடுகளில் பல இன்று கூரையின்றிக் கிடக்கின்றன. இவ்வூருக்கு அருகில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் குறுக்களவுள்ள வட்ட வட்டமான நிலத்தோற்றம் ஒன்று உண்டு; ரீஷாத் என்பது அதன் பெயர். விண்ணிலிருந்து நோக்கினால் ஒரு பெருங்கண் போல் தெரியும். விண்கல் வீழ்ந்த வடு என முன்னர்க் கருதினர். புடைத்தெழுந்த பாறைக்குவடு நெடுங்காலம் அரிக்கப்பட்டதால் உண்டானது என்று பின்னர் ஆராய்ந்து கண்டனர். அதன்மேல் நடந்து சென்ற வணிகர்கள் அதன் முழு வடிவை ஒருநாளும் கண்டிரார்.

தென்கிழக்கே நெடுந்தொலைவு மணலைக் கடந்தால் தீஷீத். பல நிறக் கற்களைச் செதுக்கிக் கோலம்போல் அடுக்கிய சுவர்கள் இவ்வூரின் சிறப்பு. இதையடுத்த செங்குத்துப் பாறைத் தொடரில், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் கல்லால் ஊரமைத்து வாழ்ந்தனர். அவர்கள் கம்பு பயிரிட்டதற்குப் பானையோடுகளில் பதிந்த தானியத் தடங்களே சான்று. நம் நாட்டு ஏழையின் வயிற்றை நிரப்பிய அதே கம்புதான். மேற்கு ஆப்பிரிக்காவே அதன் தாயகம். அந்நாளில் அங்கே ஏரிகளும் புல்வெளிகளும் இருந்தன. மழை குறையக் குறைய மணல் நாடாண்டது.

நாட்டின் தென்கிழக்கு எல்லையருகே உள்ளது வலாத்தா. இங்கே நமக்கு அறிமுகமான ஒருவரைக் காண்கிறோம். தில்லியில் காழியாக இருந்து, மதுரை சுல்தான் கியாஸுத்தீனுக்கு உறவினராகித் தமிழகத்து மண்ணிலும் நடந்த இப்னு பதூதா (ரஹ்) அவர்களே அவர். 1352 பிப்ரவரியில் ஸிஜில்மாஸாவிலிருந்து வணிகக் கூட்டத்தோடு கிளம்பினார். உப்புப் பாளங்களால் சுவரெழுப்பி ஒட்டகத் தோலால் கூரை வேய்ந்த தகாஸா என்னும் ஊரைக் கடந்தார். அது இன்று மாலி நாட்டில் உள்ளது. இரண்டு திங்கள் பயணத்தின் பின் வலாத்தாவை அடைந்தார். அந்தக் கடும் வெப்பத்தையும், சில பேரீச்சை மரங்களின் நிழலில் விளைந்த தர்பூசணியையும் அவர் குறித்து வைத்துள்ளார். அவ்வூரார் தொழுகையைப் பேணினர், ஃபிக்ஹு கற்றனர், குர்ஆனை மனனம் செய்தனர் என்று பாராட்டினார். ஆடவரும் பெண்டிரும் தாராளமாகப் பழகியது அவருக்கு உவப்பாக இல்லை. ஒருவரின் சொத்து மகனுக்குச் சேராமல் சகோதரியின் மகனுக்குச் செல்வதைக் கண்டு திகைத்தார். உலகில் இவ்வழக்கத்தைத் தாம் கண்ட மற்றோர் இடம் இந்தியாவின் மலபாரே என எழுதினார். இரு கண்டங்களைத் தம் கால்களால் அளந்தவரன்றி வேறு யார் இவ்வொப்புமையைக் கண்டிருக்க இயலும்? இன்றும் வலாத்தாவின் செம்மண் சுவர்களில் வெண்ணிறக் கோலங்களை எழுதுவோர் அவ்வூர்ப் பெண்டிரே.

வதான், ஷின்கீத், தீஷீத், வலாத்தா ஆகிய இந்நான்கு ஊர்களையும் 1996 இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக அறிவித்தது.

இவ்வூர்களின் பெருமையைக் கூறுமிடத்து ஒரு கறையையும் கூறாது விடுதல் அறமன்று. தோப்புக்கு நீரிறைத்தவரும் உப்பு வெட்டியவரும் பெரும்பாலும் அடிமைகளாகவே இருந்தனர். ஓதுவோர்க்கு வாய்த்த ஓய்வின் பின்னே மற்றவர் வியர்வை இருந்தது. அடிமையை உரிமை விடுவதை வணக்கமாக்கிய மார்க்கத்தைக் கற்றறிந்த ஊரில் இவ்வழக்கம் நூற்றாண்டுகள் நீடித்தது நெஞ்சைச் சுடும் செய்தியாகும். 1981 இல்தான் அந்நாடு அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டது. அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் 2007 இல் வந்தது. கிதாபு கையில் இருப்பது வேறு. அதன்படி நடப்பது வேறு என்பதற்கு இதினும் சான்று வேண்டுமோ?

நகரங்கள் ஏன் தேய்ந்தன? போர்த்துக்கேயர் கடல்வழி வந்து பொன்னையும் பண்டங்களையும் கரையிலேயே வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து பாலைவழி வணிகம் மெல்ல மெல்லக் கடற்கரைக்குத் திரும்பியது. பின்னர்ப் பிரெஞ்சு ஆட்சியும், அதன்பின் சாலையும் மோட்டார் வண்டியும் வந்தன. ஒட்டகத்தின் பாதை பொருளிழந்தது. 1960களின் இறுதியில் தொடங்கிய கொடும் வறட்சி கால்நடைகளை மாய்த்தது. மக்கள் தலைநகரை நோக்கிப் பெயர்ந்தனர். ஆளில்லாத வீட்டின் வாயிலில் குவியும் மணலை அள்ளிக்கொட்ட யார் இருப்பர்?

ஆனால், வணிகம் அழிந்தும் கல்வி அழியவில்லை. அதற்குக் காரணம் ‘மஹ்ளரா’ என்னும் ஓதும் முறை. கட்டடம் இல்லை, வகுப்பு இல்லை, சம்பளமும் இல்லை. ஓர் ஆலிம், அவரைச் சுற்றி மாணாக்கர். ஒவ்வொருவரும் தாம் தேர்ந்த பாடத்தைத் தம் மரப்பலகையில் கரியும் பிசினும் கலந்த மையால் எழுதுவர். ஆசிரியர் முன் ஓதி விளக்கம் பெறுவர். நெஞ்சில் பதிந்தபின் பலகையைக் கழுவி அடுத்த பாடத்தை எழுதுவர். நம் மக்தபுகளில் பலகையில் எழுதி ஓதிய தலைமுறையினர்க்கு இது அயலாகத் தோன்றாது. குர்ஆனுக்குப் பின் கலீலின் மாலிக்கீ ஃபிக்ஹு, இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யா எனப் பாடங்கள் வளரும். கூட்டம் மேய்ச்சல் தேடிப் பெயர்ந்தால் மஹ்ளராவும் உடன் பெயரும். நெஞ்சில் சுமந்த நூலுக்கு ஒட்டகம் தேவையில்லை. யுனெஸ்கோ 2023 இல் இம்முறையையும் மனிதகுல மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஏடுகளின் நிலையோ வேறு. ஷின்கீத்திலும் வதானிலும் கையெழுத்துப் பிரதிகள் குடும்பச் சொத்தாகவே காக்கப்பட்டு வருகின்றன. காய்ந்த காற்று அவற்றை மட்காமல் காத்தது. கறையானும் மணலும், எப்போதேனும் பெய்யும் பெருமழையும் அவற்றைத் தின்றன. தலைநகரில் உள்ள அரசு நிறுவனத்திடம் ஒப்படைத்தால் ஏடு பிழைக்கும். ஆனால் முன்னோர் விட்டுச்சென்ற அமானிதத்தை ஊரைவிட்டு அனுப்பக் குடும்பத்தார் பலர் இசையார். ஏடு போனால் ஊருக்கு என்ன எஞ்சும் என்பது அவர்கள் கேள்வி. இருபுறமும் நியாயம் உண்டு. எனினும், பூட்டிய பெட்டியில் கிடப்பதை அமானிதம் பேணியதாகக் கொள்ள முடியுமா? நூலின் உரிமை படிப்பவர் கண்ணுக்கும் உண்டன்றோ?

இக்கேள்வி ஷின்கீத்தாருக்கு மட்டும் உரியதன்று. நம் கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும், பாட்டனார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் பரணிலும் பெட்டியிலும் கிடக்கின்றன. பரக்கத்துக்காக வைத்திருக்கிறோம் என்கிறோம். அந்த எழுத்தைப் படிக்க அறிந்தவர் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நமது காற்று பாலைக்காற்றைப் போல் காய்ந்ததும் அன்று; ஈரமும் பூச்சியும் காத்திருப்பதில்லை. பெட்டியைத் திறந்து, இருப்பதை எழுதிவைத்து, பிள்ளைகளில் ஒருவருக்கேனும் அவ்வெழுத்தைக் கற்பித்தால், அந்த வீடே ஒரு மஹ்ளராவாகும். யஹ்யா இப்னு இப்ராஹீம் தம் மக்களுக்காக ஓர் ஆசிரியரைத் தேடிப் பாலையைக் கடந்தார். நாம் கடக்கவேண்டியது நம் வீட்டின் ஓர் அறையைத்தான். அல்லாஹ் நமக்கு அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக!